பொறுப்பாளர் பெயர்

டோக்கன் நூற்று எழுபத்து மூன்று. இப்போதுதான் எண்பத்தொன்பதைக் கூப்பிடுகிறார்கள். எப்படியும் மத்தியானம் ஆகிவிடும் என்று தெரிந்த பிறகும் தமயந்தி கையிலிருந்த சீட்டை அடிக்கொரு தரம் பார்த்துக்கொண்டாள், பார்த்தால் நம்பர் குறைந்துவிடுமா என்ன. கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை என்றால் ஊர்ப்பட்ட ஜனம். பட்டா கேட்டு வந்தவர்கள், பென்ஷன் நின்றுபோனவர்கள், நடைபாதையை மறித்துக் கட்டிவிட்டான் என்று பக்கத்து வீட்டுக்காரன் மேல் புகார் கொண்டுவந்தவர்கள், எல்லோரும் ஆளுக்கொரு கவரை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியில் சாயக்கூடப் பயந்த மாதிரி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மடியிலும் ஒரு கவர். உள்ளே மனு. எங்கள் காலனியில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகும் தாய்மார்கள் நிறையப் பேர் இருக்கிறோம், அங்கன்வாடி சாயங்காலத்துக்கு முன்பே மூடிவிடுகிறது, எங்களுக்கு வேலை முடிய ஏழு மணி ஆகிறது, ஆகவே ஏழரை வரை திறந்திருக்கும் குழந்தைகள் காப்பகம் ஒன்றை அரசு அமைத்துத் தர வேண்டுமாய்ப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். எல்லாம் அவள் கையெழுத்துதான். காலனியில் மனு என்றால் தமயந்தி, அவள் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்று அவள் தலையில் கட்டிவிடுவார்கள். போன வாரம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் எல்லோரும் நின்று சொல்லச் சொல்ல அவள்தான் எழுதினாள். அதில் கடைசியாக ஒரு வரி இருந்தது. தற்போது எங்கள் பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்து அன்போடு பார்த்துக்கொள்ளும் ருக்குமணி அவர்களையே அந்தக் காப்பகத்துக்குப் பொறுப்பாகப் போட வேண்டும் என்ற வரி. மற்ற வரிகளுக்குச் சும்மா நின்றவர்கள்கூட அந்த வரிக்கு ஆமா ஆமா என்று தலையாட்டினார்கள். வீட்டுக்கு வந்து நல்ல தாளில் படியெடுக்கும்போது தமயந்தி அந்த வரியை விட்டுவிட்டாள். மறந்து விடவில்லை. வேண்டுமென்றேதான் விட்டாள். அப்புறம் கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் படித்துப் பார்க்கவில்லை, அவள் மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஏன் விட்டாள் என்றால், பொறாமைதான், வேறென்ன பெரிய காரணம் இருந்துவிடப் போகிறது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல அவளுக்கும் தெம்பில்லை, நமக்கும் நேரமில்லை. ருக்குமணிக்கு நாற்பது வயசிருக்கும். நைட்டிக்கு மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, தலையை அள்ளிச் சொருகிக்கொண்டு, இடுப்பில் ஒன்று காலடியில் இரண்டு என்று நாள் முழுக்கப் பிள்ளைகளோடு கிடக்கிறவள். மகனைக் கோயமுத்தூரில் ஹாஸ்டலில் படிக்க விட்டுவிட்டு வீட்டில் சும்மா இருக்க முடியாமல் ஆரம்பித்தது, இப்போது பதினோரு பிள்ளைகளில் வந்து நிற்கிறது. அதட்டத் தெரியாதா இவளுக்கு, ஒரு பிள்ளையையாவது ஒரு நாளாவது சுள்ளென்று பேசி ஒருவர் காதிலும் விழுந்ததில்லை, அதென்ன மனுஷி அவள், அதைக்கூடத் தமயந்தியால் தாங்க முடியவில்லை. ஒரு குறை கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. மேஜை மேல் துணியை விரித்தால் ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது, சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து ஒட்டிவிடுவாள். ருக்குமணி மேல் ஒட்ட ரெண்டு வருஷமாக ஒரு ஸ்டிக்கரைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறாள், இடம்தான் கிடைக்கவில்லை. தமயந்தியின் மகள் பாப்பாவுக்குப் பேச்சு வந்த புதிதில் ஒரு நாள் சாயங்காலம் கூப்பிடப் போனபோது, தமயந்தி வந்துட்டா பாரு சாமி, என்று ருக்குமணி சொல்ல, உள்ளே இருந்து ஓடி வந்த நறுமுகை அவளை அண்ணாந்து பார்த்து, தமயந்தி, என்றாள். தெளிவாக, ஒரு எழுத்து பிசகாமல். பெற்ற தாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத் திரும்பி ருக்குமணியின் காலைக் கட்டிக்கொண்டு ம்மா என்றாள். வாசலில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். தமயந்தியும் சிரித்தாள். வீட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பாத்ரூமுக்குள் நின்று அழுதாள். அன்றிலிருந்து ருக்குமணி வீட்டு வாசலில் நிற்பதை விட்டுவிட்டாள். காலையில் பிள்ளையை நீட்டுவது, சாயங்காலம் கையை நீட்டி வாங்குவது, அவ்வளவுதான். என்ன சாப்பிட்டாள், தூங்கினாளா, யாரோடு சண்டை போட்டாள், ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால் அவள் சொல்லுவாள், வாய் நிறையச் சிரித்துக்கொண்டு சொல்லுவாள், சொல்லச் சொல்லத் தன் பிள்ளையின் பகல் முழுக்க இன்னொருத்தி வீட்டில் நடந்தது என்பது உண்மையாகிவிடும். கேட்காவிட்டால் அந்தப் பகலே நடக்காத மாதிரி இருக்கும். முட்டாள்தனம்தான். அவளுக்கும் தெரியும்.

நூற்று நாலு. பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்துவிட்டார். கம்பெனியில் இந்நேரம் லைன் சூப்பர்வைசர் அவள் மேஜையைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பான். கம்பெனியிலேயே ஒரு பிள்ளைக் காப்பகம் இருக்கிறதே, அதைச் சொன்னால் சிரிப்பார்கள். சுவரில் வாத்து, முயல், குடை பிடித்த தவளை எல்லாம் வரைந்து, தொட்டில் போட்டு, பொம்மையெல்லாம் பாலிதீன் உறை பிரிக்காமல் அடுக்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டு ஆர்டர்காரர்களின் ஆள் ஆடிட்டுக்கு வரும் அன்றைக்கு மட்டும் திறப்பார்கள். பிள்ளை இருக்கிறவங்க நாளைக்குக் கூட்டிட்டு வாங்க, நல்ல டிரஸ் போட்டுக் கூட்டிட்டு வாங்க என்று முந்தின நாளே மைக்கில் சொல்வார்கள். போன வருஷம் அப்படி ஒரு நாள் பாப்பாவைப் பட்டுப்பாவாடை கட்டிக் கூட்டிப்போனாள். அடேயப்பா, எத்தனை ஆசையோடு போனாள். செக்கிங் மேஜையிலிருந்து இருபது அடியில் தன் பிள்ளை, தலையைத் தூக்கினால் தெரியும். என்ன ஆயிற்று, பாப்பா தொட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ருக்கும்மா ருக்கும்மா என்று தொண்டை வறள அழுதாள். ஆடிட் ஆள் ஒரு வெள்ளைக்காரி, வாத்துப் படத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனாள். மத்தியானத்துக்கு மேல் அறையைப் பூட்டிவிட்டார்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ருக்குமணியிடமே விட்டுவிட்டு வந்தாள். தூக்கிக்கொண்டு போகும் வழியெல்லாம் ஏறிட்டு ஒரு தரம் என் முகத்தைப் பார்த்தாளா என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறாள். புருஷன் பால்பாண்டியிடம் சொன்னால், அவன் லாரியிலிருந்து இறங்கி வந்த அலுப்பில், பெத்தது நாம, கவர்ன்மெண்டா பெத்துச்சு, பேசாம வேலைய விட்டுட்டு வீட்ல இரு என்பான். அப்படிச் சொன்ன வாய் மூடுமுன்னே அடுத்த மாசம் வீட்டு வாடகை யார் குடுப்பா என்றும் அவனே கேட்பான். ரெண்டையும் ஒரே மூச்சில் சொல்ல ஆம்பளைகளால்தான் முடியும். கலெக்டர் ஆபீஸ் மாதிரி இடத்தில் வேலை பார்க்கிறவளாக இருந்தால் பிள்ளை பெற்று ஒரு வருஷம் முழுக்க வீட்டில் இருந்திருக்கலாம். தமயந்தி தொண்ணூறாம் நாள் மேஜைக்கு வந்து நின்றவள். மார்பில் பால் கட்டிக்கொண்டு டீ ஷர்ட் கழுத்துப்பட்டியை நிமிர்த்தி நிமிர்த்திப் பார்த்த அந்த முதல் வாரத்தை நினைத்தால் இப்போதும் தோள்பட்டை இறுகுகிறது. அந்த வாரம் பாப்பாவைச் சிரிக்க வைத்தவள் ருக்குமணி. முதல் தரம் குப்புற விழுந்தது அவள் வீட்டுப் பாயில். முதல் பல் தட்டுப்பட்டது அவள் கரண்டியில். ஒவ்வொன்றையும் அவள் எடுத்துக்கொண்டாள் என்றே தமயந்திக்குத் தோன்றும். எடுத்துக்கொள்ளவில்லை, இவள் இல்லாத நேரத்தில் அதது தானாக நடந்தது, அதற்கு ருக்குமணி என்ன செய்வாள். நியாயம் தெரியாதவள் இல்லை தமயந்தி. நியாயம் தெரிந்தால் பொறாமை போய்விடுமா.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அவளுடையது. அன்றைக்கு வேறு யாருக்கும் பங்கில்லை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு, ரெண்டு முட்டையை அவித்து, மிளகுத்தூளும் உப்பும் தூவி, ஆறு நாளுக்கும் சேர்த்து ஒரே நாளில் வளர்த்துவிடுகிற ஆவேசத்தோடு உட்காருவாள். பிள்ளை வாயைத் திறக்காது. உதட்டை இறுக்கிக்கொள்ளும், தலையைத் திருப்பும், உள்ளே போனதைத் துப்பும். அவ கையால குடுத்தா மட்டும் இறங்குது, என் கையால குடுத்தா கசக்குதா உனக்கு, என்று கேட்டுக்கொண்டே தொடையில் ஒன்று வைப்பாள், மூக்கைப் பிடித்து ஊட்டுவாள், ஊட்டி முடித்துவிட்டுக் கட்டிக்கொண்டு கொஞ்சுவாள். நேற்றும் அப்படித்தான். நேற்று அடி கொஞ்சம் பலமாகவே விழுந்துவிட்டது. இன்று காலையில் ருக்குமணி வீட்டுக் கதவு திறந்ததும் பிள்ளை அவள் தோளில் போய் விழுந்து முகத்தைப் புதைத்துக்கொண்டதைப் பார்த்தபோது, காப்பகம் மட்டும் வரட்டும், வேறு எவளாவது வரட்டும், முகம் தெரியாத ஒரு டீச்சர், கவர்ன்மெண்ட் டீச்சர், அவளிடம் பிள்ளை ஒட்டாமல் இருக்கட்டும், என்று வேண்டிக்கொண்டாள். இப்படியும் ஒரு தாய் வேண்டுவாளா என்று நீங்கள் கேட்கலாம். அவள் வேண்டினாள்.

நூற்று எழுபத்து மூன்றைக் கூப்பிட்டபோது மணி ஒன்று ஆகப் போகிறது. குழந்தைகள் நலப் பிரிவு மேஜையில் இருந்த அதிகாரியம்மா மனுவை வேகமாகப் படித்தார். கண்ணாடியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

"எல்லாத்தையும் கவர்ன்மெண்டே செய்யணும்னா எப்படிம்மா? பெத்தவங்க பொறுப்புன்னு ஒண்ணு இருக்கில்ல?"

இந்தக் கேள்விக்குப் பதிலைத் தமயந்தி ரெண்டு நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். "இருக்குங்க மேடம். கம்பெனி நடக்கணும்னு ரோடு போட்டுக் குடுத்தீங்க, கரண்டு குடுத்தீங்க, தண்ணி குடுத்தீங்க. அந்த ரோட்டுல நடந்து வேலைக்குப் போறவ பிள்ளைய எங்க வெச்சுட்டுப் போவா? நாங்க பொறுப்ப விடல மேடம். ஒரு ஆள் ரெண்டு எடத்துல நிக்க முடியல, அவ்வளவுதான்."

அதிகாரியம்மா அவளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். "எடம் உங்க காலனிலயே சமுதாயக் கூடம் இருக்கு. இதை நிரப்பிக் குடுங்க, மேல அனுப்பறேன். பொறுப்பாளர்னு ஒரு ஆள் பேர் வேணும், உள்ளூர்ப் பொம்பளையா இருக்கணும். நீங்க நல்லாப் பேசறீங்க, எழுத்தும் நல்லா இருக்கு. நீங்களே பாக்கலாமே. அடித்தல் திருத்தல் இருந்தா எடுக்க மாட்டாங்க, பாத்து எழுதுங்க. சாப்பாட்டுக்கு எந்திரிக்கறதுக்குள்ள குடுத்துருங்க."

நீங்களே பாக்கலாமே. இது ஏன் தனக்குத் தோன்றவே இல்லை. சுவரோரமாக இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்து படிவத்தை மடியில் விரித்தாள். சம்பளம் குறைச்சலாக இருக்கும், இருக்கட்டும். பகல் முழுக்கப் பாப்பா, காலைச் சுற்றிக்கொண்டு பாப்பா, அவளோடு சேர்ந்து காலனிப் பிள்ளைகள் எல்லாம், எல்லாமே தமயந்திம்மா தமயந்திம்மா என்று. ருக்குமணி வீட்டு வாசல் காலியாக இருக்கும். துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து பார்ப்பாள், ஒன்றும் இருக்காது. அதை நினைக்க இனித்தது, பாவம் என்று ஒரு நினைப்பு வந்தது, வந்த வேகத்திலேயே போயிற்று. மற்றதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் கடைசிக் கட்டத்துக்குப் போனாள். பொறுப்பாளர் பெயர்: பா. தமயந்தி. அச்சடித்த மாதிரி எழுதினாள். எழுதிவிட்டு ஊதிக் காய வைத்தாள். அப்புறம்தான் மேலே பார்த்தாள். குழந்தையின் பெயர், வயது, தூங்கும் நேரம், ஆகாத உணவு, அடிக்கடி வரும் உபாதை. முதல் வரிசையில் தன் பிள்ளை பெயரையே எழுதினாள். வயது ரெண்டே முக்கால். தூங்கும் நேரம். பேனா நின்றது. பகலில் எப்போது தூங்குவாள், தூங்குவாளா, எத்தனை மணி நேரம். ஆகாத உணவு என்ன. அடுத்த பிள்ளை, அதற்கடுத்த பிள்ளை, எல்லாம் அதே வெள்ளைக் கட்டங்கள். பதினோரு பிள்ளைகள் பற்றியும் தெரிந்த ஆள் ஊரில் ஒருத்திதான். ஒன்றேகால் ஆகப் போகிறது. போனை எடுத்தாள். ருக்குமணிக்குத் தானாக அவள் ஒரு நாளும் போன் செய்ததில்லை.

"அம்மிணி, என்ன ஆச்சு? மனு குடுத்தாச்சா?" பின்னால் பிள்ளைகள் சத்தம். தமயந்தி விஷயத்தைச் சொன்னாள், பொறுப்பாளர் கட்டத்தைத் தவிர. ருக்குமணி கேள்வி கேட்கவில்லை, சொல்லத் தொடங்கிவிட்டாள். மனப்பாடம் மாதிரி வந்தது. அந்தத் திண்டுக்கல்காரர் பையன் பதினோரு மணிக்கே தூங்கிப்போடுவான், அவனுக்குப் பால் சேராது, வயித்தால போகும். அந்த இரட்டைப் பிள்ளைகளில் சின்னவளுக்குக் குளிர்காத்து ஆகாது, இழுப்பு வரும். ஒருவனுக்கு ஃபேன் சத்தம் இருந்தால்தான் தூக்கம். தமயந்தி எழுதிக்கொண்டே போனாள். எழுத எழுத ஒவ்வொரு கட்டமும் நிரம்பியது, நிரம்ப நிரம்ப அவளுக்குள் ஏதோ காலியானது. கடைசியாகக் கேட்டாள், கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது, "நறுமுகைக்கு?"

"உம் பாப்பாவா? ஒரு மணிக்குத் தூங்குவா, ரெண்டரைக்கு எந்திரிப்பா. சாப்பாட்டுல ஒரு தகராறும் இல்ல. இந்தத் தடிப்புதான் அம்மிணி. திங்கக்கிழமையானாப் போதும், முதுகெல்லாம் திட்டுத் திட்டாத் தடிச்சு, சொறிஞ்சுக்கிட்டே வருவா. இன்னைக்கு ரொம்ப. கழுத்து வரைக்கும் ஏறிருச்சு. வந்ததும் தோள்ல படுத்தவ எறங்கவே இல்ல, இப்பதான் குளிக்க ஊத்தித் தூங்க வெச்சேன். ஞாயித்துக்கிழமை புதுசா ஏதாச்சும் சோப்புப் போடறியா?"

"இல்லக்கா. அதே சோப்புதான்." காலை அவசரத்தில் பிள்ளையை இரவுச் சட்டையோடு அப்படியே தூக்கிக்கொண்டு போகிற தமயந்தி, திங்கட்கிழமை அந்த முதுகைப் பார்த்ததே இல்லை.

"சாப்பிட என்ன குடுப்பே?"

"முட்டை," என்றாள்.

அப்புறம் ருக்குமணி மெதுவாக, "நான் முட்டை குடுக்கறதில்ல சாமி, எங்க வீட்டுல சமைக்க மாட்டோம்," என்றாள். அவள் குற்றம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு தலையைத் திருப்பிய பிள்ளை, மூக்கைப் பிடித்த தன் விரல்கள், தொடையில் விழுந்த அடி, ஒரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள். ரெண்டே முக்கால் வயசுப் பிள்ளை எப்படிச் சொல்லும், வாயை மூடிக்கொண்டுதான் சொல்லும், அது சொல்லத்தான் செய்தது. தமயந்திக்கு முதலில் வந்தது ஆத்திரம். இத்தனை நாள் தேடிய இடம் கிடைத்துவிட்டது, சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிடலாம்.

"இவ்வளவு நாளாப் பாக்கறீங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாக்கா?"

"நீ நின்னு பேசறதே இல்லியே அம்மிணி," என்றாள் ருக்குமணி. குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அவளுக்குக் குத்திக்காட்ட வராது. "ரெண்டு மூணு தரம் வாயெடுத்தேன். கைய நீட்டி வாங்கிட்டுப் போயிருவே. அலுத்து வர்றவகிட்ட என்ன சொல்றதுன்னு விட்டுப்போட்டேன். அது என் தப்புத்தான்."

போனை வைத்த பிறகும் தமயந்தி அதைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். என் தப்புத்தான் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள், அதையும் அவளே எடுத்துக்கொண்டாள் பார். எனக்கென்று ஒன்றையாவது விட்டு வைத்தாளா. படிவத்தில் பதினோரு வரிசையும் நிரம்பி இருந்தன, எல்லாம் ருக்குமணி வாயிலிருந்து வந்தவை, அடியில் பா. தமயந்தி என்று மையில் காய்ந்து கிடந்தது. இப்படியே கொடுத்துவிடலாம். பொய்யென்று ஒருவர் சொல்ல முடியாது, உள்ளூர்ப் பொம்பளைதானே, எழுத்து நன்றாக இருக்கிறதே. தடிப்பும் தெரிந்துவிட்டது, இனிமேல் முட்டை கொடுக்காமல் இருந்தால் போயிற்று. ஆனால் மற்ற பத்துப் பிள்ளைகளும் வாயை மூடிக்கொண்டு எதைச் சொல்லும் என்று அவளுக்கு எப்படித் தெரியும். தன் பிள்ளை சொன்னதே கேட்கவில்லை. மேஜையில் அதிகாரியம்மா டிபன் பையைத் தேடிக்கொண்டிருந்தார். தமயந்தி எழுந்து போய் நின்றாள்.

"மேடம், இன்னொரு படிவம் குடுங்க."

"ஏம்மா, தப்பாயிருச்சா? நல்லா எழுதறவளாச்சே நீ. எங்க தப்பு?"

தமயந்தி கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தாள். அதிகாரியம்மா அந்தப் பெயரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், இழுப்பறையைத் திறந்து இன்னொன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு டிபன் பையைக் கீழே வைத்தார். அங்கேயே மேஜை ஓரத்தில் நின்றபடி பதினோரு வரிசையையும் பார்த்துப் பார்த்துப் படியெடுத்தாள். ஒரு வரியும் விடவில்லை. கடைசிக் கட்டம் வந்ததும் மறுபடி போன் செய்தாள்.

"அக்கா, உங்க இனிஷியல் என்ன?"

"இனிஷியலா? எதுக்கு அம்மிணி?"

"ஒரு எடத்துல எழுதணும்."

"கா," என்றாள் ருக்குமணி. "எங்கய்யன் பேரு காளியப்பன்." அவள் பேசும்போதே பாப்பா அரிப்பில் பாதித் தூக்கத்தில் எழுந்துவிட்டாள் போல, பக்கத்தில் சிணுங்கல் கேட்டது, உடனே ம்மா என்றது, ருக்குமணி எதையோ சொன்னாள், பிள்ளை கலகலவென்று சிரித்தது. ஒரு சொல்லில் அழுகையைச் சிரிப்பாக்க இவளுக்கு யார் கற்றுக் கொடுத்தது. தமயந்திக்கு வயிறு எரியத்தான் செய்தது. எரிய எரிய எழுதினாள்: கா. ருக்குமணி.